உப்பள வளைவில் நிற்காத பஸ்

கரி பஸ்ஸை நடுவழியில் நிறுத்தினால் அணைந்துவிடும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் தூத்துக்குடியைச் சுற்றி ஓடிய பஸ்கள் கரியில்தான் ஓடின. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டியிருப்பார்கள். அதற்குள் உடைமரக் கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. வண்டி ஓடும் வரை கனல் இருக்கும். இரண்டு நிமிடம் நின்றால் கனல் சோர்ந்து, எஞ்சின் இருமி அடங்கிவிடும். மறுபடி கிளப்புவதற்கு உருளையின் பக்கத்தில் இருக்கும் ஊதுவிசிறியைக் கையால் சுற்ற வேண்டும். காற்று ஒத்துழைத்தால் பத்து நிமிடம், இல்லாவிட்டால் அரை மணி. அதுவரை பயணிகள் சாலையில் இறங்கி நின்று உப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாலையில் பார்ப்பதற்கு வேறு எதுவும் கிடையாது.

நான் அப்போது ஒரு தினசரிக்குத் தூத்துக்குடி நிருபர். துறைமுகத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் குடும்பத்தைப் பழையகாயலில் ஒரு வீட்டில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்புவேன். டிரைவர் எனக்கு முன் சீட்டைப் பிடித்து வைத்திருப்பார். பத்திரிகைக்காரனுக்கு அந்த மரியாதை அன்றைக்கு இருந்தது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லாரி ஓட்டிப் பழகியவர். கரிப் புகையில் கண்ணிரண்டும் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்.

தூத்துக்குடிக்குள் நுழைவதற்கு மூன்று மைல் முன்னால் சாலை ஒரு பெரிய உப்பளத்தைச் சுற்றி வளைகிறது. அந்த வளைவில், ஒரு மதகுக் கட்டையின் மேல் போலீஸ் ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது அவருடைய வேலை. இருபத்திரண்டு பேர் ஏறலாம் என்று பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. திங்கட்கிழமைகளில் முப்பத்திரண்டுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

நிறுத்தினால் அணைந்துவிடும் வண்டியை நிறுத்திச் சோதிப்பது எப்படி? இதற்கு அந்தச் சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. மதகுக்குச் சற்று முன்னால் டிரைவர் வேகத்தை ஆள் நடக்கும் அளவுக்குக் குறைப்பார். கண்டக்டர் டிரிப் சீட்டோடு குதித்து முன்னால் ஓடுவார். ஏட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே, உருண்டு போகும் பஸ்ஸின் ஜன்னல்களை விரலால் எண்ணுவார். சீட்டில் கையெழுத்துப் போடுவார். கண்டக்டர் ஓடிவந்து பின்படியில் தொற்றிக்கொள்வார். பஸ் நிற்பதே இல்லை.

மிச்சப் பத்துப் பேருக்கும் வழக்கம் உண்டு. வளைவு தொடங்கும் இடத்தில் அவர்கள் இறங்கிக்கொள்வார்கள். பஸ் சாலையோடு சுற்றி வருவதற்குள், அளத்தின் வரப்பில் குறுக்கே நடந்து மதகுக்கு அப்பால் சாலையைத் தொட்டுவிடுவார்கள். அங்கே மெதுவாக வரும் வண்டியில் ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள். வெட்டவெளியில், வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, தலையில் சுமையோடு பத்துப் பேர் வரிசையாக நடப்பது ஒரு மைலுக்குத் தெரியும். ஏட்டு அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பி மூக்குப்பொடி போடுவார்.

"இருபத்திரெண்டு, ஏட்டையா. ஒண்ணு கூடுனா என் மீசைய எடுத்துருங்க" என்பார் கண்டக்டர்.

"உனக்கு மீசை எங்கலே இருக்கு? ஓடு, வண்டி போகுது" என்பார் ஏட்டு.

ஒருநாள் முன் சீட்டில் ஒரு நோயாளியை உட்கார்த்தி வைத்திருந்ததால் நானும் வரப்பில் நடந்தேன். எனக்கு முன்னால் புன்னைக்காயலைச் சேர்ந்த ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு போனாள். முப்பத்தைந்து வயதுக்காரி. வாரம் இரண்டு முறை சந்தைக்கு வருகிறவள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பேப்பர்க்கார அண்ணாச்சி, இதையும் பேப்பர்ல போடுவியளா?"

"போடலாமே."

"போட்டா நான் கூடையோட நடக்கதைப் படமாப் போடணும். எங்க ஊர்ல காட்டுவேன்."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் பத்திரிகையில் எனக்கு இடம் இருந்தது, செய்தி இல்லை. துறைமுகத்தைப் பற்றி எதையும் எழுத முடியாது. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எதில் என்ன ஏற்றினார்கள், எல்லாவற்றையும் தணிக்கைக்காரர்கள் அடித்துவிடுவார்கள். உள்ளூர்ப் பகுதிக்கு ஏதாவது அனுப்பு என்று ஆபீசிலிருந்து கார்டு வந்தது. மூன்று வரி எழுதி அனுப்பினேன். தெற்குச் சாலையில் பஸ்களில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றப்படுகிறது, போலீஸ் சோதனை பெயரளவுக்கே நடக்கிறது, மேலதிகாரிகள் கவனிப்பார்களா என்பது செய்தி. ஒவ்வொரு சொல்லும் உண்மை. வண்டியை நிறுத்தினால் அணைந்துவிடும் என்பதை எழுதவில்லை. மூன்று வரியில் அதற்கு இடமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நாலாவது வரி எழுதியிருந்தால் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

மேலதிகாரிகள் கவனித்தார்கள். பதினைந்து நாளில் ஏட்டை எட்டயபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு ஓர் இளம் கான்ஸ்டபிள் வந்தார். வட ஜில்லாக்காரர். காலில் சுற்றும் காக்கித் துணியான கால்பட்டியை மடிப்பு குலையாமல் சுற்றியிருப்பார். மதகுக் கட்டையில் உட்கார மாட்டார். பஸ்ஸை நிறுத்தி எண்ண வேண்டும் என்ற ஒரே உத்தரவோடு அவரை அனுப்பியிருந்தார்கள். கரி பஸ்ஸைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. புதியவரைப் பற்றி டிரைவருக்கும் யாரும் சொல்லவில்லை. இரண்டும் தெரிந்தவன் அந்தப் பஸ்ஸில் நான் ஒருவன்தான். ஏட்டின் மாற்றல் உத்தரவு சனிக்கிழமையே என் காதுக்கு வந்திருந்தது. புதியவரின் முதல் நாளான திங்கள் காலை முன் சீட்டில் ஏறியபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை. தூக்கக் கலக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

வளைவில் வழக்கம்போல் பத்துப் பேர் இறங்கி வரப்பில் நடந்தார்கள். கருவாட்டுக்காரி அவர்களில் ஒருத்தி. பஸ் மதகை நெருங்கியபோது சாலைக்கு நடுவில் கான்ஸ்டபிள் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் சீட்டோடு குதித்து ஓடினார். கான்ஸ்டபிள் சீட்டை வாங்கவில்லை. ஒருவன் பேச்சுக் கொடுக்க வருகிறான், வண்டி நழுவுகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"நிறுத்து" என்றார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏட்டையா, நின்னா அணஞ்சிரும். இப்படியே எண்ணிக்கிடுங்க."

"நிறுத்துன்னு சொல்றேன்."

"இந்தா, மெதுவாத்தான போகுது."

பஸ் கான்ஸ்டபிளைத் தாண்டி ஏறக்குறைய பத்தடி போயிருக்கும். அவர் ஓடிவந்து டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி, உள்ளே கையை விட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருகினார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. மேலே கட்டியிருந்த சாமான்களில் சில சரிந்து விழுந்தன. உள்ளே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சத்தம் போட்டார்கள். கான்ஸ்டபிள் டிரைவரின் சட்டையைக் கழுத்தோடு பிடித்து வெளியே இழுத்தார். இரண்டு அடி அடித்தார். இடது கன்னத்தில் ஒன்று, அவர் திரும்பியபோது பிடரியில் ஒன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது என் தொழிலில் வந்த பழக்கம். டிரைவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அது எப்போதும் வழியும் நீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆள் கத்தினார். "ஏ, இங்கன வாங்க. இந்தப் பொம்பள கால் மாட்டிக்கிட்டு."

கருவாட்டுக்காரி பின்படியில் ஒரு காலை வைத்த நேரத்தில் வண்டி குலுங்கி நின்றிருக்கிறது. கால் வழுக்கிப் படிக்கும் சாலையோரக் கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் சத்தமே போடாமல் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே எலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்தது.

முதலில் அவள் பக்கத்தில் மண்டியிட்டவர் அந்தக் கான்ஸ்டபிள்தான். தன் கால்பட்டியைச் சுழற்றி அவிழ்த்தார். உடைமரக் கொம்பு ஒன்றை முறித்து வைத்து, காலைச் சேர்த்துக் கட்டினார். கட்டு ஒழுங்காக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வண்டியை எடு" என்றார்.

டிரைவர் எஞ்சினைக் காட்டினார். "அணஞ்சிட்டு, ஏட்டையா."

அப்போதுதான் கான்ஸ்டபிளுக்கு விளங்கியது. கண்டக்டர் ஊதுவிசிறியைச் சுற்றத் தொடங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை ஓய்ந்தது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி மதகில் வைத்துவிட்டு, கைப்பிடியை வாங்கிச் சுற்றினார். உருளையின் மூடியைத் திறந்து கரியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் டிரைவர். இருவருக்கும் இடையில் ஒரு முழம் தூரம். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் கருவாட்டுக்காரி உப்பளத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாள். யாரோ அவள் தலைக்கு மேல் வேட்டியைப் பிடித்து நிழல் கொடுத்தார்கள்.

அன்று மாலையே டிரைவர் மேல் வழக்கு எழுதினார்கள். போலீஸ் கை காட்டியும் நிறுத்தாமல் ஓட்டியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது, அதனால் ஒரு பெண்ணுக்குக் காயம். லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். குற்றம் உறுதியானால் லைசென்ஸ் ரத்தாகும் என்று ஸ்டேஷனில் எனக்கே சொன்னார்கள். சாட்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. முன் சீட்டில் இருந்தவன், படித்தவன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருவாட்டுக்காரி சுவரோரம் கிடந்தாள். மாவுக் கட்டில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பேப்பர்ல போட்டது நீங்கதானாமே" என்றாள்.

"ஆமாம்."

"நான் நடந்ததையுமா?"

"இல்லை. மூணு வரிதான்."

"மூணு வரிக்கா இவ்வளவும்." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குத் தீர்ந்ததைப் போலச் சொன்னாள். "அந்தப் போலீஸ் பையனும் வந்தான் அண்ணாச்சி. வாசல்ல நின்னான். உள்ள வான்னேன், வரலை. டிரைவருக்கு லைசென்ஸ் போயிருமாமே?"

"போகலாம்."

"அவரு என்ன செஞ்சாரு, பாவம். என்னய யாரும் தள்ளலை. ஓடுற வண்டில நான்தான் காலை வச்சேன். எத்தனை நாள் வச்சிருக்கேன், அன்னைக்கும் வச்சேன். கோர்ட்ல வந்து வேணும்னாலும் சொல்லுவேன், தூக்கிட்டுப் போனா."

அவளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் தன் பங்கைத் தானே எடுத்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சாட்சிப் பட்டியலில் அவள் இல்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகலில், டிரைவர் என் அறைக்கு வந்தார். கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் என் அறை. மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"இன்ஸ்பெக்டரு கூப்பிட்டு விட்டாரு, அண்ணாச்சி. ஒரு சமாதானம் சொல்லுதாரு."

"என்ன?"

"வண்டி முழுசா நிக்கலைன்னு மட்டும் சொல்லுவாவளாம். லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்க மாட்டாவளாம். அந்த அடியைப் பத்தி மட்டும் யாரும் வாய் திறக்கப்படாது."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சரின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவியளுக்கு என்னைய நெனச்சுப் பயமில்லை. நீங்க பேப்பர்ல எழுதிருவியளோன்னுதான் பயம்."

அடித்தது தவறு என்றும், அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு டிரைவரை அடிப்பார்கள் என்றும் நான் சொன்னேன். தலையங்கத்தில் எழுதுகிற வாக்கியங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கன்னம் என்கிட்டதான இருக்கு, அண்ணாச்சி. லைசென்ஸ் அவிய கைல இருக்கு. அது போச்சுன்னா நான் அளத்துல உப்புதான் சுமக்கணும். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு வெள்ளை உப்புல ஒரு மாசம் நிக்க முடியுமா?"

கோர்ட்டில் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அது போதும். கேக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சப் மாஜிஸ்திரேட் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். ஆஸ்துமா உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வார். முதலில் கான்ஸ்டபிள் சாட்சி சொன்னார். கை காட்டினேன், நிற்கவில்லை, பத்தடி போயிற்று. சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தது போல, சுவரைப் பார்த்துச் சொன்னார். அடுத்தது கண்டக்டர். நின்றால் அணைந்துவிடும், எப்போதும் இப்படித்தான் என்றார். பிறகு கேள்வி கேட்காமலே தொடர்ந்தார்.

"அதுக்குப் பெறவு டிரைவர் அண்ணாச்சி அழுதுக்கிட்டே கரியைக் கிளறுனாவ."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். "ஏன் அழுதார்?"

கண்டக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். "கரிப் புகைங்கய்யா."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

அடுத்து நான் கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்தேன். போலீஸ் தரப்பில் கேட்டார்கள். கை காட்டியதைப் பார்த்தீர்களா? பார்த்தேன். வண்டி நின்றதா? நிற்கவில்லை. பஸ் முதலாளி வைத்திருந்த வக்கீல் எழுந்தார். இதற்கு முன்னால் அந்த இடத்தில் என்றைக்காவது வண்டி நின்றிருக்கிறதா? நான் வந்த நாட்களில் நின்றதில்லை, மெதுவாகப் போகும் வண்டியையே எண்ணிக்கொள்வார்கள், மிஞ்சியவர்கள் வரப்பில் நடந்து போய் ஏறிக்கொள்வார்கள், நானும் ஒருநாள் நடந்திருக்கிறேன் என்றேன். இது பழைய ஏட்டுக்குக் கெடுதல் என்று எனக்குத் தெரியும். அவரை யாரும் பேரத்தில் சேர்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் கைப்பட்டையில் ஒரு கோடு குறைந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இறங்கப் போனேன். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கான்ஸ்டபிள் டிரைவர் மேல் கை வைத்தாரா?"

என்னால் மூன்று பேரையும் பார்க்க முடிந்தது. இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் முதல் முறையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். டிரைவர் தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நின்றது. பின்பக்கத்தில் ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்று சத்தம் வந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். முன்பக்கத்தில் நடந்தது எனக்குத் தெரியாது" என்றேன்.

பத்திரிகையில் இப்படிச் செய்வது சுலபம். வண்டி நின்றது உண்மை. சத்தம் வந்தது உண்மை. நான் ஓடியது உண்மை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டு அடி இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு வாக்கியங்களைச் சேர்த்துவிட்டேன். தையல் தெரியவில்லை. கடைசி வாக்கியம் ஒன்றுதான் முழுப் பொய். அது மற்ற மூன்றின் முதுகில் ஏறி உள்ளே போய்விட்டது.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். பிறகு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதற்குப் பஸ் முதலாளிக்கு அபராதம். நெடுநாளாகப் போலீசே அனுமதித்து வந்த ஒரு பழக்கத்தின்படி டிரைவர் நடந்துகொண்டதால் அவருக்கு எச்சரிக்கை மட்டும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு. இனி எல்லாப் பஸ்களும் வளைவில் முழுமையாக நிற்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

வெளியே வந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். விலகிப் போகப் பார்த்தேன். அவராக முன்னால் வந்தார்.

"நீங்க பாத்தீங்க, சார். அடிக்கும்போது நான் உங்களை நேருக்கு நேர் பாத்தேன்."

நான் தெருப் பக்கம் பார்த்தேன்.

"எனக்கு இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொடுத்தாரு. உங்களுக்கு யாரு சார் சொல்லிக்கொடுத்தது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். அவர் கால்பட்டிகளில் ஒன்று புதிதாக இருந்தது.

டிரைவர் குமாஸ்தாவின் மேசையில் கையெழுத்துப் போட்டு லைசென்ஸை வாங்கிக்கொண்டு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் காத்திருந்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் அந்தச் சிறிய புத்தகத்தைத் திறந்து, தன் போட்டோ இருக்கிறதா என்று பார்த்து, மூடினார்.

"கெடச்சிட்டு, அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு."

"நல்லதுதான்." போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. நான் கேட்டுக்கிட்டபடிதான் சொன்னிய. நீங்க வேற மாதிரிச் சொல்லியிருந்தா இது என் கைல இருக்காது. எல்லாம் தெரியும். ஆனா அவரு கேட்டதும் நீங்க உடனே சொல்லிட்டிய."

"வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

அவர் யோசித்தார். எனக்குத் தெரிந்த வரையில் அந்த வழக்கில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

"வேற ஒண்ணும் இல்லை. இதையேதான் சொல்லணும். ஒரு நிமிசம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்."

நாலு மணி டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தார். எனக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர் முனை திரும்பி மறையும் வரை வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டுப் பிறகு கிளம்பினேன்.